வாசலில் வைத்த கை

அய்யா, போன திங்கட்கிழமை நீ பேசிக்கொண்டிருக்கும்போதே நான் போனை வைத்துவிட்டேன். சிக்னல் போய்விட்டது என்று உன் அப்பா பிறகு உன்னிடம் சமாளித்தாராம். சிக்னல் எங்கேயும் போகவில்லை. விருதுநகரில் நம் வீட்டு மாடியில் எப்போதும் போல நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் நாக்கு எழவில்லை. இருபது வருஷமாக அடுத்தவர் எழுதிக் கொடுத்ததைப் பேசிப் பேசி, சொந்தமாக ஒன்று சொல்ல வேண்டிய நேரத்தில் வாயடைத்துப் போனேன். அதனால் எழுதுகிறேன். கல்யாணத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. அதற்குள் நீ இதைப் படித்தாக வேண்டும். காவ்யாவும் படிக்கட்டும். அவளுக்கு நம் வீட்டுக் கதை தெரியாது என்பதால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

நீ கேட்டதை நானே ஒருமுறை திருப்பிச் சொல்கிறேன். சிவகாசி மண்டபத்தில் சாயங்காலம் வரவேற்பு. காவ்யாவின் அண்ணன், காலண்டர் ஆர்டர் குவிந்து கிடக்கிற நேரத்திலும் அச்சகத்தை ஆட்களிடம் விட்டுவிட்டுத் தங்கைக்காக ஓடிக்கொண்டிருக்கிறான். நல்ல பையன், அவன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. மேடைக்குப் போகிற பாதையின் நடுவில் பூவால் அலங்கரித்த ஒரு கதவு நிலையை அவன் நிறுத்தப்போகிறான். மைக்கில் 'இதோ, நம்ம செல்லக்கனி அக்கா வர்றாங்க' என்பார்கள். நான் நடித்த டிவி தொடரில் வருகிற அந்த 'டொய்ங்' சத்தம் ஒலிக்கும். நான் வந்து நிலையில் கையை வைத்து, கண்ணை மூடி, மூன்று எண்ணிவிட்டு உள்ளே காலெடுத்து வைக்க வேண்டும். எனக்குப் பின்னால் இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் வரிசையாக அதையே செய்துகொண்டு வருவார்கள். முடியாது என்றேன். "ஒரே ஒரு நிமிஷம்மா. ஊருக்கெல்லாம் பண்ணிக் காட்டின, பெத்த பையன் கல்யாணத்துக்குப் பண்ண மாட்டியா?" என்று கேட்டாய். அங்கேதான் போனை வைத்தேன்.

கேட்டதில் உன் தப்பு ஒன்றுமில்லை. செல்லக்கனியை நான் யார் கேட்டாலும் செய்து காட்டியிருக்கிறேன். தொடரில் அவள் பக்கத்து வீட்டுக்காரி. வாரத்தில் ஐந்து நாளும் எதையாவது இரவல் கேட்டு வருவாள். சீனி, தேங்காய்த் துருவி, ஒரு தடவை அவர்கள் வீட்டு நாயை. வந்த கையோடு உள்ளே நுழைந்துவிட மாட்டாள். நிலையில் உள்ளங்கையைப் பதித்து, கண்ணை மூடி, உதடு அசைய மூன்று எண்ணி, பிறகுதான் படி தாண்டுவாள். அதற்குள் வீட்டுக்காரர்கள் சீனி டப்பாவை ஒளித்து வைத்துவிடுவார்கள். அவ்வளவுதான் நகைச்சுவை. ஒன்பது வருஷம் ஓடியது. குணச்சித்திர நடிகை என்று பேப்பரில் போட்டார்கள். என் குணமும் சித்திரமும் அந்த வாசல்படியில் நின்ற மூன்று விநாடிதான். டைபாய்டு வந்து நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது குளுக்கோஸ் ஏற்ற வந்த நர்ஸ் கூட, "அக்கா, ஒரே ஒரு தடவை" என்றாள். படுத்த படுக்கையில் கட்டில் சட்டத்தில் கையை வைத்துச் செய்து காட்டினேன். வார்டே சிரித்தது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

எங்கிருந்து பிடித்தீர்கள் இதை என்று எல்லாப் பேட்டியிலும் கேட்பார்கள். "நானாக் கண்டுபிடிச்சேன்" என்பேன். ஒரு பேட்டியில் நீயும் என் பக்கத்தில் புதுச்சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாய், ஏழு வயது இருக்கும். அம்மா பொய் சொல்வதை நீ நேரில் பார்த்த முதல் நாள் அதுவாகத்தான் இருக்க வேண்டும். பொய் என்று உனக்குத் தெரியாது.

கல்யாணமாகி அச்சங்குளத்துக்கு வந்த புதிதில் நான் உன் அப்பாவின் அக்கா பேச்சியம்மாளோடு வெடி ஆபீசுக்கு வேலைக்குப் போனேன். பட்டாசுக் கம்பெனியை ஊரில் அப்படித்தான் சொல்வோம். வேலை கற்றுக் கொடுத்தவள் அந்த மதினிதான், உனக்கு அத்தை. நைலான் சேலை கட்டாதே, செருப்பைக் கழற்றிப் போடு, கையை வீசி நடக்காதே என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தாள். வெடிமருந்து கலக்கிற அறை வாசலில் ஒரு செம்புத் தகடு பதித்திருப்பார்கள். வெளியிலிருந்து வருகிறவர் உடம்பில் கண்ணுக்குத் தெரியாத கரண்டு ஏறியிருக்கும். தகட்டில் கையை வைத்தால் அது மண்ணில் இறங்கிவிடும். இறக்காமல் உள்ளே போய் மருந்துப் பக்கம் கையை நீட்டினால் சின்னதாக ஒரு பொறி போதும். "தொட்டுட்டு மூணு எண்ணு. அப்பறம் காலை வை" என்பாள் மதினி. சாப்பாட்டு நேரத்தில் கேலியும் கிண்டலுமாக இருக்கிறவள், அந்தத் தகட்டின் முன்னால் மட்டும் ஒரு வார்த்தை பேச மாட்டாள்.

நீ கைக்குழந்தையாக இருந்தபோது, தீபாவளி சீசன் வேலை மும்முரத்தில், மதினி தண்ணீர் குடித்துவிட்டு அறைக்குத் திரும்பி வந்தாள். உள்ளே அவள் வீட்டுக்காரரும், அதாவது உன் மாமாவும், இன்னொரு பெண்ணும் வேலையில் இருந்தார்கள். மதினி வாசலுக்கு வந்த நேரத்தில்தான் வெடித்தது. வாசலில் நின்றதால் வெளியே தூக்கி எறியப்பட்டுப் பிழைத்தாள். இடது கை தோள்வரை வெந்துவிட்டது. உள்ளே இருந்த இரண்டு பேரும் பிழைக்கவில்லை. விசாரிக்க வந்தவர்கள் மருந்தில் உராய்வு என்று எழுதிக்கொண்டு போனார்கள். யாரும் மதினியை ஒரு சொல் சொல்லவில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் கண் விழித்த நாளிலிருந்து அவள் ஒரே கேள்வியைத்தான் கேட்டாள். "நான் தகட்டத் தொட்டேனா, தொடலையா? யாராச்சும் பாத்தீகளா?" பார்த்திருக்கக் கூடிய இரண்டு பேரும் போய்விட்டார்கள். அவளுக்கும் நினைவு வரவில்லை. அதற்குப் பிறகு அவள் வெடி ஆபீசுப் பக்கம் போகவில்லை. வீட்டிலேயே மிளகாய் வத்தல் காம்பு கிள்ளிப் பிழைத்தாள். ஆனால் எந்த வீட்டுக்குப் போனாலும், கோயிலோ ரேஷன் கடையோ எதுவாக இருந்தாலும், நிலையில் கையை வைக்காமல் உள்ளே வருவதில்லை.

என்னையும் உன் அப்பா வேலைக்கு அனுப்பவில்லை. விருதுநகரில் வத்தல் மண்டியில் அவருக்கு லோடு இறக்குகிற வேலை கிடைத்து, நாம் இங்கே வந்தோம். அப்போது வெடி ஆபீசுகளில் பாதுகாப்பு நாடகம் போடுகிற ஒரு குழு, அந்த வேலை தெரிந்த பெண்களைத் தேடிக்கொண்டிருந்தது. சொன்னதைக் கேட்காத அசட்டுப் பெண் வேஷம் எனக்கு. நைலான் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து நிற்பேன், ஆட்கள் சாப்பாட்டுத் தூக்குவாளியோடு உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அதை ஒரு நாள் பார்த்த டிவிக்காரர் ஒருவர் மூலமாகத்தான் சென்னைக்குப் போய் அங்கே பல வருஷம் இருந்தோம்.

முதல் நாள் படப்பிடிப்பில் எனக்கு ஒரே ஒரு வசனம். 'கொஞ்சம் சீனி இருக்குமா?' நான்கு தடவை உள்ளே வந்து கேட்டேன், நான்கு தடவையும் சப்பென்று இருந்தது. இயக்குநர், "ஏதாவது பண்ணுங்கம்மா, வெறுமனே வந்து நின்னா எப்படி?" என்றார். மறுநாள் என்னைக் கூப்பிட மாட்டார்கள் என்று தெரிந்துவிட்டது. ஐந்தாவது தடவை என் கை தானாக அந்த ஒட்டுப்பலகை நிலைமேல் போனது. தானாக என்று இவ்வளவு காலமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தானாகப் போகவில்லை. மதினி எப்படி விரலை விரித்து வைப்பாள், எப்படி உதட்டை அசைப்பாள் என்று ஒரு கணம் யோசித்துத்தான் வைத்தேன். லைட் பிடித்துக்கொண்டிருந்தவர் முதலில் சிரித்தார். அப்புறம் எல்லோரும். "இதை விட்டுடாதீங்க" என்றார் இயக்குநர். நான் விடவில்லை.

உன் அப்பா முதல் நாள் ஒளிபரப்பைப் பார்த்துவிட்டு டிவியை அணைத்தார். பிறகு, "அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல" என்றார். கேட்கிறேன் என்றேன். பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது கேட்கலாம் என்று நினைத்தேன். உனக்கு நினைவிருக்காது, அந்தப் பொங்கலுக்கு நீதான் முந்திக்கொண்டாய். அத்தை வீட்டு வாசலில் நிலையைத் தொட்டு, கண்ணை மூடி, வாயாலேயே 'டொய்ங்' என்று சத்தம் கொடுத்துக்கொண்டு உள்ளே குதித்தாய். தெருவே சிரித்தது. அத்தையும் சிரித்தாள். அதைப் பார்த்ததும், அப்பாடா, அவளும் தப்பாக நினைக்கவில்லை என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன். குழந்தையை வைத்துக் கேள்வியைத் தட்டிக் கழித்தவள் உன் அம்மா.

அடுத்ததுதான் எழுதக் கை வராதது. ஆறு வருஷம் முன்னால் ஒரு நாள் முன்பின் தெரியாத ரசிகர் ஒருவர் என் போனுக்கு வீடியோ அனுப்பினார். 'அக்கா, உங்க ரசிகையைப் பாருங்க' என்று எழுதியிருந்தது. ஏதோ கல்யாண மண்டபம். நரைத்த தலையுடன் ஒரு பெண் வாசல் நிலையில் கையை வைத்து நிற்பது முதுகுப் பக்கமாகத் தெரிந்தது. "ஏலே, செல்லக்கனி மாதிரியே செய்யுது பாருலே" என்று ஒரு குரல், சுற்றிலும் சிரிப்பு. பாதி பார்க்கும்போதே நான் சிரிக்கிற பொம்மை மூன்றை வரிசையாக அனுப்பிவிட்டேன். அப்புறம் அந்தப் பெண் திரும்பினாள். மதினி. "ஆத்தா, இன்னொருக்காச் செய்யுங்க, சரியா விழல" என்று ஒருவன் போனை அவள் முகத்துக்கு நேராக நீட்டினான். அவள் உள்ளே போகவில்லை. முந்தானையை இழுத்து இடது கையை மூடிக்கொண்டு தெருப் பக்கம் நடந்தாள். அதோடு வீடியோ முடிந்தது.

யோசித்துப் பார், அய்யா. அது அவளுடையது. புருஷனைப் பறிகொடுத்து, கையும் வெந்த பிறகு அவளிடம் மிஞ்சிய ஒன்று. அதை நான் எடுத்துக்கொண்டு போய் ஊருக்கெல்லாம் காட்டியதில், கடைசியில் அவளே என்னைக் காப்பியடிக்கிறாள் என்று ஆகிவிட்டது. அன்றிலிருந்து அவள் எந்த விசேஷத்துக்கும் போவதில்லை. மூட்டு வலி என்று சொல்லிவிடுகிறாள். நானும் ஆறு வருஷமாக அந்த மூட்டு வலியை நம்புகிறவள் போல நடித்துக்கொண்டிருந்தேன்.

ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதே. நிச்சயதார்த்தத்தன்று பந்தியில், காவ்யா பேசுவதற்கு முன்னால் தொண்டையைச் செருமிக்கொண்டு முடியைக் காதுக்குப் பின்னால் தள்ளுவதை நீ அப்படியே செய்து காட்டினாய். அச்சு அசல். அவள் அண்ணனுக்குப் புரையேறிவிட்டது. அவளும் சிரித்தாள். ஆனால் அதற்குப் பிறகு கிளம்பும்வரை அவள் முடியைத் தொடவே இல்லை. முகத்தில் வந்து விழுந்தபோதும் தள்ளிவிடாமல் இருந்தாள். நீ கவனிக்கவில்லை, நான் கவனித்தேன். ஒருவரைப் பார்த்த மாத்திரத்தில் பிடித்துக்கொள்கிற அந்தத் திறமை என்னிடமிருந்து உனக்கு வந்தது. மற்ற தாய்மார்கள் பெருமைப்படுவார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. கூட வாழ்கிறவர்கள் நம் முன்னால் எதையும் மறைக்க மாட்டார்கள். மறைக்காததை எல்லாம் சபையில் எடுத்து விடலாம் என்று அர்த்தமில்லை. அவள் சிரித்தாள் என்பதை மட்டும் சாட்சியாக வைத்துக்கொள்ளாதே.

உன் போனை வைத்த மூன்றாம் நாள் பத்திரிகை, வெற்றிலை பாக்கு, ஒரு பருத்திச் சேலை எல்லாம் தாம்பாளத்தோடு எடுத்துக்கொண்டு நான் மட்டும் அச்சங்குளத்துக்குப் போனேன். அப்பா கூட வருகிறேன் என்றார், வேண்டாம் என்றுவிட்டேன். கதவு திறந்திருந்தது. மதினி முறத்தில் வத்தலைப் பரப்பி வைத்துக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். வாசலில் நின்றதும் என் கை நிலைமேல் போய்விட்டது. இருபது வருஷப் பழக்கம், இந்த முறை உண்மையாகவே தானாகப் போனது. எடுக்கவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் நின்றேன்.

"யாரு? உள்ள வராம அங்கன நின்னுக்கிட்டு என்ன செய்ற?" என்று நிமிர்ந்தவள் என் கையைப் பார்த்தாள். "படம் பிடிக்க ஆள் கூட்டிட்டு வந்திருக்கியா?"

கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே எட்டி வெளியே பார்த்தாள். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. தாம்பாளத்தைப் படியில் வைத்துவிட்டு, "மதினி, உங்களப் பாத்துத்தான் நான் அதச் செஞ்சேன். உங்ககிட்டக் கேக்கவே இல்ல. என்னை மன்னிச்சிருங்க" என்றேன்.

அவள் ஒரு வத்தலை எடுத்துக் காம்பைக் கிள்ளிப் போட்டாள். "தெரியும். மொத நா டிவில பாத்தப்பவே தெரியும்" என்றாள். "அடுத்த வீட்ல உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தோம். அம்புட்டுப் பேரும் சிரிச்சாக. நானும் சிரிச்சேன். நான் மட்டும் சிரிக்காம இருந்தா, இது யாரோடதுன்னு கண்டுபிடிச்சிருவாகள்ல?"

அவளே மறுபடி பேசினாள். "ஆனா ஒண்ணு. நீ அதத் தப்பாத்தான் செஞ்ச."

"என்ன மதினி?"

"கண்ண மூடிக்கிட்டுச் செஞ்ச. சாமி கும்பிடுற மாதிரி. நான் என்னைக்காச்சும் கண்ண மூடி நீ பாத்திருக்கியா? உள்ள யார் யார் இருக்காக, எங்கன இருக்காகன்னு பாத்துக்கிட்டுத்தான் தொடுவேன். வெளியே இருந்து வர்றவளாலதான உள்ள இருக்கவுகளுக்கு ஆபத்து? எனக்காகவா தொடுறேன்?"

ஒன்பது வருஷம், அய்யா. எத்தனை நூறு தடவை என்று எனக்கே தெரியாது. ஒவ்வொரு தடவையும் தப்பாகச் செய்திருக்கிறேன். அவளைப் பயந்தவள் என்று நினைத்தேன், பாவம் புத்தி கொஞ்சம் கலங்கிவிட்டது என்று நினைத்தேன், அப்படித்தான் நடித்தேன். அவள் போகிற ஒவ்வொரு வீட்டிலும் உள்ளே இருக்கிறவர்களுக்காக நின்றிருக்கிறாள். நாம் டிவி முன்னால் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தோம். இத்தனை வருஷம் நடிகை என்று சொல்லிக்கொண்டேன், பக்கத்தில் இருந்தவளின் கண்ணை ஒரு நாளும் பார்த்ததில்லை.

பத்திரிகையைக் கையில் கொடுத்தேன். உன் பெயரை விரலால் தடவிப் பார்த்தாள். வருவீங்களா என்று கேட்டேன். மூட்டு வலி என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன், சொல்லவில்லை. "அங்கன எவனும் போனத் தூக்கக் கூடாது" என்றாள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, "புள்ள மேடையில எங்கன நிப்பான்?" என்று கேட்டாள். நடுவில் என்றேன். "வாசல்ல இருந்து பாத்தாத் தெரிவானா?" தெரிவான் மதினி என்று சொல்லிவிட்டு வந்தேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பாதை நடுவே காவ்யாவின் அண்ணன் நிறுத்தப்போகிற கதவு நினைவுக்கு வந்தது.

அவனிடம் நீயே பேசு. இந்தக் கடிதத்தைக் காட்ட வேண்டுமானாலும் காட்டு, எனக்கு வெட்கமில்லை. மைக் பிடிக்கிறவரிடம் செல்லக்கனி வர மாட்டாள் என்று சொல்லிவிடு. 'அம்மா ஏன் செய்யல' என்று கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன், இனிமேல் உண்மையான பதில். அன்றைக்குச் சாயங்காலம் அப்பா அத்தையைக் கூட்டிக்கொண்டு வருவார். அவள் வருவதைப் பார்த்ததும் நீ மேடையை விட்டு இறங்கி ஓடி வராதே. கையைப் பிடித்து உள்ளே இழுத்து வராதே, அது அன்பாகத் தெரிந்தாலும் செய்யாதே. உன் இடத்தில் அப்படியே நில், காவ்யாவையும் பக்கத்தில் நிற்கச் சொல். அத்தை நிலையில் கையை வைப்பாள். கண் திறந்திருக்கும். கடைசி வரிசையிலிருந்து ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்து உன்னிடம் வந்து சேருவாள். அதுவரைக்கும் அந்தப் பாதையில் எதுவும் குறுக்கே நிற்கக் கூடாது. கதவை எடுத்துவிடச் சொல், அய்யா. வாசலிலிருந்து பார்த்தால் நீ தெரிய வேண்டும்.